பண்டாரவளையில் ஞாயிற்றுக்கிழமை பிளான் கீறித் தரும் பேராசிரியர்

எங்களுக்குக் கிடைத்த காணி 7 பேர்ச்சஸ். முழுக்கச் சரிவு. டவுனில் ஒருவரிடம் காசு கொடுத்து முதலில் ஒரு பிளான் வாங்கினோம். அவர் இடத்தை வந்து பார்க்கவே இல்லை. சமதரைக்கான வீட்டைக் கீறித் தந்தார். அப்படிக் கட்டுவதென்றால் மேட்டை ஆளுயரத்துக்கு நேராக வெட்டி இறக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியதிலிருந்து, அடைமழை இரவுகளில் அம்மா கண் மூடுவதில்லை. அவரிடம் போய் மலையை வெட்டுகிறோம் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம்தான் இந்தச் சேரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டாரவளையில் இருந்து தோட்டத்து ஆட்களுக்குப் பிளான் கீறித் தருகிறார். கட்டணம் இல்லை, போட்டோகொப்பிச் செலவு மட்டும்தான்.

போன அன்று அவர் பென்சிலைத் தொடவே இல்லை. பதுளை மாவட்டத்தில் வீடு கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும், முதலில் அதை எடுத்து வாருங்கள் என்றார். எடுத்துக்கொண்டு போனோம். அடுத்த வாரமே இரண்டு மாணவர்களோடு எங்கள் காணிக்கு ஏறி வந்துவிட்டார். பிள்ளைகள் தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்துச் சரிவை அளந்துகொண்டிருக்க, சேர் அம்மாவோடு லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், உட்கார்ந்துவிட்டார். “அம்மா, காலமை எழும்பினதும் முதல் எங்கை போவியள்?” என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார். அடுப்படிக்கு என்றார் அம்மா. உடனே தையல் டேப்பை எடுத்து, அம்மாவை நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். 37 அங்குலம். எங்கள் குசினி மேடை 33 அங்குலத்தில் அமைந்தது அப்படித்தான். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய முழங்கால் என்பதால் படிக்கட்டு ஒவ்வொன்றும் 5 அங்குலம்தான்.

வீடு இரண்டு தட்டாக நிற்கிறது. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இரண்டரை அடி வித்தியாசம், நடுவே ஆறு படி. மலையை வெட்டியது கொஞ்சம்தான். வீட்டுக்கு மேலே வளைவாக ஒரு கான். மழைத்தண்ணீர் சுவரில் மோதாமல் பக்கவாட்டில் இறங்கிப் போகிறது. அணைச்சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் வைக்கச் சொன்னார். ஓட்டை எதுவும் தேவையில்லை என்று மேசன் பாஸ் சொன்னதும், மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும் என்று அவருக்கு மண்ணிலேயே கீறிக் காட்டினார். முதல் பிளானில் இல்லாத இஸ்தோப்பு இதில் பாதையைப் பார்த்தபடி இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து உட்கார அம்மாவுக்கு அது கட்டாயம் வேண்டும்.

இப்படி ஆட்களைக் கேட்டுக் கீறுவது புதிதில்லை என்றார் சேர். கண்டியில் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா, 1950களில் வட்டாபுளுவ வீட்டுத் திட்டத்துக்கு முன் குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து அவர்களுடைய தேவைகளைக் கேட்டறிந்தாராம். பிறகு ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை வரலாறும் படிப்பித்தவர் அவர். அவரைப் பற்றிப் பேசும்போது சேரின் குரல் மாறிவிடும். வகுப்பில் சேர் எப்படி இருந்திருப்பார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

குறையும் உண்டு. பிளான் கைக்கு வர இரண்டு மாதம் பிடித்தது. முதல் பிரதி முழுக்க மீட்டர் கணக்கில், ஆங்கிலத்தில் இருந்ததால் மேசன் பாஸ் தடுமாறிப்போனார். திரும்பப் போய்ச் சொன்னதும் அடிக்கணக்கில் தமிழில் எழுதித் தந்தார். கட்டும்போது வந்து மேற்பார்வை பார்க்க மாட்டார், அதற்கு வேறு ஆள் தேட வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது சரிவராது. சரிவில் காணி கிடைத்தவர்கள் கட்டாயம் போங்கள்.

காணிப் பத்திரத்தோடு, வீட்டில் சமைப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சேர் அவரிடம்தான் முதலில் பேசுவார்.