சின்னக் கண் விலகலும் ப்ரிஸம் கண்ணாடியும்: சில வருட அனுபவம்

ப்ரிஸம், அதாவது ஒளியை ஒரு பக்கமாக வளைத்துப் பிம்பத்தை நகர்த்தும் ஆப்பு வடிவ லென்ஸ், சேர்த்த கண்ணாடி போட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. என் வலது கண் இடது கண்ணைவிட இம்மியளவு மேலே நிற்கிறது. அதைச் சரிக்கட்டத்தான் இந்தக் கண்ணாடி. எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்கு அந்த விலகல் தெரியாது, ஏனென்றால் மூளையும் கண் தசைகளும் சேர்ந்து அதை நாள் முழுக்க இழுத்துப் பிடித்து மறைத்துவிடுகின்றன. படுத்துவது அந்த இழுத்துப் பிடிக்கும் வேலைதான்.

எனக்கு இருந்த தொந்தரவுகள் இவை. படிக்கும்போது வரி தவறும், முடித்த வரிக்கே கண் திரும்பப் போகும். சாயங்காலமானால் புருவத்துக்கு மேலேயும் பிடரியிலும் வலி. பெரிய கடைகளில் உயரமான அடுக்குகளுக்கு நடுவே நடந்தால் கிறுகிறுப்பு. களைத்துப்போன இரவுகளில் திரையின் அடியில் ஓடும் எழுத்து மேலொன்று கீழொன்றாகப் பிரியும், ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும்.

இந்தக் கடைசி விஷயம் முக்கியமான தடயம். ஒரு கண்ணை மூடியதும் இரட்டை மறைந்தால், இரு கண்களும் சேர்ந்து வேலை செய்வதில் சிக்கல். மூடிய பிறகும் நிழல் போல இரண்டாகத் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்கும்: சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாதது), கண்புரை இப்படி ஏதாவது.

வழக்கமான பரிசோதனையில் இது ஏன் தப்பிவிடுகிறது? எழுத்து அட்டையை ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால்தான் படிக்கச் சொல்கிறார்கள். இரண்டும் தனித்தனியாக 6/6 வந்துவிட்டால் "பார்வை நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள். பிறகு தலைவலிக்கு சைனஸ், டென்ஷன், தூக்கமின்மை என்று வேறு காரணங்கள் தேடுவோம். என் கதையும் அதுதான். கவர் டெஸ்ட் செய்த அன்றுதான் விடை கிடைத்தது. ஒரு கரண்டி மாதிரியான மறைப்பை இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். மறைப்பு விலகியதும் கண் துள்ளித் தன் இடத்துக்கு வருகிறதா என்று பார்க்கிறார்கள். அப்புறம் மேடாக்ஸ் ராட் என்ற வரிவரியான சிவப்புக் கண்ணாடியை வலது கண் முன் வைத்தார்கள். இடது கண்ணுக்கு ஒரு வெள்ளை விளக்கு, வலது கண்ணுக்கு ஒரு படுக்கைச் சிவப்புக் கோடு. கோடு விளக்கின் மேலேயே விழ வேண்டும். எனக்கு அது விளக்குக்குக் கீழே கிடந்தது. ப்ரிஸத்தை ஒவ்வொன்றாகக் கூட்டக் கூட்டக் கோடு ஏறி வந்து விளக்கைத் தொட்டது. இத்தனை நாள் பட்ட அவஸ்தைக்கு அளக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்ததே பெரிய நிம்மதி.

அளவு 2 ப்ரிஸம் டையாப்டர். 1 மீட்டர் தூரத்தில் பிம்பத்தை 1 செ.மீ. நகர்த்துவது ஒரு ப்ரிஸம் டையாப்டர், ஆக என்னுடையது சுமார் 1 டிகிரி விலகல். அதற்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். கிட்டத்தில் பார்க்கும்போதெல்லாம் கண்கள் உள்நோக்கித் திரும்புவதால், பக்கவாட்டு விலகலைச் சமாளிக்க நிறையத் தெம்பு உண்டு. மேல்-கீழ் விலகலுக்கு அந்தச் சேமிப்பு மிகவும் குறைவு.

முதலில் லென்ஸில் ஒட்டும் ஃப்ரெனெல் ப்ரிஸம் கொடுத்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாள், நுணுக்கமான கோடுகள். எழுத்தின் கூர்மை குறையும், இரவில் விளக்குகள் சிதறும். ஆனாலும் பலன் இருக்குமா என்று தெரிந்துகொள்ள நல்ல வழி. பிறகுதான் லென்ஸிலேயே போட்டு வாங்கினேன்: வலது பக்கம் பேஸ் டவுன் (ப்ரிஸத்தின் தடித்த பக்கம் கீழே) 1, இடது பக்கம் பேஸ் அப் (தடித்த பக்கம் மேலே) 1. ஆரம்ப நாட்களில் தரை சாய்ந்த மாதிரி இருக்கும், படி இறங்கும்போது கவனம் வேண்டும். சீக்கிரமே பழகிவிட்டது.

இப்போது சாயங்காலத் தலைவலி அபூர்வம். வரி தவறுவது நின்றுவிட்டது. ஓடும் வண்டியில் படிக்க மட்டும் இன்னும் முடிவதில்லை. கண்ணாடியைக் கழற்றினால் முன்பைவிடச் சீக்கிரம் இரட்டை தெரிகிறது, இதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சிலருக்குக் கண் ப்ரிஸத்துக்குப் பழகி, விலகல் மறுபடி தலைகாட்டும். அதனால் அவ்வப்போது அளந்து பார்ப்பது அவசியம்.

கண்ணாடி செய்கிற இடத்தில்தான் ரொம்பக் கவனம் தேவை. ஒருமுறை மாற்றுக் கண்ணாடி வேறொரு கடையில் செய்தேன். பழைய வலி அப்படியே திரும்பியது. லென்ஸின் பவரையும் ப்ரிஸத்தையும் அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் பேஸ் அப்! ஒன்றை ஒன்று ரத்து செய்துவிட்டதால் ப்ரிஸமே இல்லாத கதை. ப்ரிஸம் போடாத கண்ணாடியிலும் தவறு நடக்கும். பவர் 5 உள்ள லென்ஸின் மையம் கண்மணியிலிருந்து 2 மி.மீ. தள்ளியிருந்தாலே 1 ப்ரிஸம் டையாப்டர் தானாக வந்துவிடும். ஃப்ரேம் ஒரு பக்கம் சரிந்து நின்றாலும் இதே கோளாறுதான். வாங்கும்போதே அளந்து காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

எல்லா விலகலுக்கும் ப்ரிஸம் மருந்தல்ல. கிட்டத்தில் பார்க்கக் கண்கள் போதுமான அளவு உள்ளே திரும்பாத பிரச்சினைக்குப் பயிற்சிதான் முதல் வழி. 2008-இல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட, மருத்துவமனையில் 12 வாரம் முறையாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. பெரிய விலகலுக்குத் தசை அறுவை சிகிச்சை உண்டு.

நான் சொன்னதெல்லாம் மெல்ல மெல்லப் படுத்துகிற விலகலைப் பற்றி. இரட்டைப் பார்வை திடீரென்று வந்தாலோ, கூடவே இமை தொங்குதல், கடும் தலைவலி, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம் இருந்தாலோ கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அது பக்கவாதமாகவோ மூளை இரத்தக்குழாய் வீக்கமாகவோ இருக்கலாம்.