ஹை ஸ்கோர் போட்டிக்கு மேம்: கண்ட்ரோல் செட்டிங்கில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

பழைய ஆர்கேட் கேம்களில் ஸ்கோர் போட்டி என்றால் கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது மேம் எமுலேட்டரில்தான் (பழைய கேம் மெஷினைப் போலவே கணினியில் ஓட்டிக்காட்டும் மென்பொருள்). 1997-இல் நிக்கோலா சால்மோரியா தொடங்கியது, 2016-இல் திறந்த மூல உரிமத்துக்கு மாறியது. காசு கிடையாது. படம், சத்தம், எத்தனை கேம் ஓடும் என்பதெல்லாம் எழுதித் தீர்ந்த விஷயங்கள். இங்கே பார்க்கப்போவது ஒன்றைத்தான்: இரண்டு பேர் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு ஜாய்ஸ்டிக்கில் ஆடி ஸ்கோர் அனுப்பினால், இருவரும் ஒரே நிபந்தனையில்தான் ஆடினார்கள் என்று மேமை வைத்து நிரூபிக்க முடியுமா?

பாதி முடியும். கேமுக்குள் என்ன இன்புட் போனது என்பதை மேம் ஒரு ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று) விடாமல் பதிகிறது. அந்த வேலையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த இன்புட் விரலிலிருந்து வந்ததா, டர்போ சர்க்யூட்டிலிருந்து (பட்டனைப் பிடித்திருந்தாலே தானாகத் தட்டிக்கொண்டிருப்பது) வந்ததா என்று அந்தப் பதிவுக்குத் தெரியாது. கண்ட்ரோல் பற்றிய தகராறுகள் அநேகமாக எல்லாமே இந்த இடைவெளியில் முளைப்பவை.

ஐஎன்பி கோப்பில் என்ன இருக்கிறது

கமாண்ட் லைனில் ரெக்கார்டு ஆப்ஷன் கொடுத்துக் கேமைத் தொடங்கினால் ஐஎன்பி கோப்பு ஒன்று உருவாகும். இது வீடியோ அல்ல. தலைப்பகுதியில் பதிவு தொடங்கிய தேதி, நேரம், கேமின் பெயர், மேம் பதிப்பு ஆகியவை இருக்கும். அதன்பின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எமுலேஷன் நேரம், அப்போது ஓடிய வேகம், ஒவ்வொரு இன்புட் போர்ட்டின் (ஸ்டிக்கும் பட்டனும் கேமுக்குள் நுழையும் வாசல்) நிலை. டிப் ஸ்விட்ச் (மெஷினின் போர்டில் உயிர், போனஸ் போன்றவற்றை அமைக்கும் சிறு ஸ்விட்ச்) நிலையும் போர்ட்டின் இயல்பு மதிப்பாக உள்ளே போய்விடும். டாங்கி காங்கின் ஃபேக்டரி அமைப்பு 3 உயிர், 7,000 புள்ளியில் ஒரு போனஸ் உயிர். அதை 6 உயிராக மாற்றி ஆடிவிட்டு, பிறகு யாரிடமும் மறைக்க முடியாது.

கோப்பை மேமில் மறுபடி ஓட்டிப் பார்க்கும் பிளேபேக் முடிந்ததும் மொத்த ஃப்ரேம் எண்ணிக்கையும் பதிவின் சராசரி வேகமும் டெர்மினலில் வரும். பலர் இந்தச் சராசரி 100 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அது போதாது. மூன்று மணி நேர ஆட்டத்தில் கஷ்டமான ஐந்து நிமிடத்தை மட்டும் 60 சதவீத வேகத்தில் ஓட்டினாலும் சராசரி 99-ஐ ஒட்டித்தான் வரும். நேர்மையாக ஆடியவருக்கும் அதே 99 வரலாம்: பேக்மேனின் ரெஃப்ரெஷ் (நொடிக்கு எத்தனை தடவை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது) 60.6 ஹெர்ட்ஸ், மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். ரெஃப்ரெஷ்ஸ்பீடு ஆப்ஷன் ஆனில் இருந்தால் மேம் கேமை மானிட்டருக்கு ஏற்ப 99 சதவீதத்துக்கு இறக்கிவிடும். ஒருவருக்கு வேகம் முழுக்க ஒரே சீராக 99, இன்னொருவருக்கு நடுவில் ஒரு பள்ளம். இரண்டும் ஒரே சராசரி. ஃப்ரேம்வாரி வேகம் கோப்பிலேயே இருக்கிறபோது அதைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்வது நடுவரின் சோம்பேறித்தனம். ஆடுபவர் பக்கம் செய்ய வேண்டியது எளிது: ரெஃப்ரெஷ்ஸ்பீடை ஆஃபில் வையுங்கள், சந்தேகத்துக்கே இடமிருக்காது.

சாதா மேமைவிட வுல்ஃப்மேம் போட்டிக்குப் பொருத்தம். மேமின் மூலத்திலிருந்து ஸ்கோர் போட்டிக்கென்றே பிரித்துக் கட்டியது. சீட் (கேமை ஏமாற்றும் குறியீடு), சேவ் ஸ்டேட் (நடுவில் சேமித்து அங்கிருந்தே மறுபடி ஆடுவது) போன்ற குறுக்குவழிகளை ரெக்கார்டிங்கில் அடைத்துவிடுகிறது. போட்டி நடத்துபவர் இதைக் கட்டாயமாக்கிப் பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டுவிட வேண்டும். ஒரு பதிப்பில் பதிந்த ஐஎன்பி இன்னொரு பதிப்பில் சரியாக ஓடும் என்று எண்ணக் கூடாது. நடுவில் எங்கோ ஒரு ஃப்ரேம் விலகினால், அதன்பின் பேக்மேன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

நான்கு திசை கேமில் எட்டுத் திசை ஸ்டிக்

பேக்மேன் (1980), டாங்கி காங் (1981) இரண்டும் நான்கு திசை கேம்கள். அசல் மெஷினில் லீவர் மூலைக்குப் போகாது. ஒரு நேரத்தில் ஒரு திசைதான். இன்று கடையில் கிடைக்கும் ஸ்டிக் பெரும்பாலும் எட்டுத் திசை. மூலையில் இரண்டு ஸ்விட்சும் சேர்ந்து மூடும். மேம் அதை அப்படியே கேமுக்குத் தள்ளிவிடாது. நான்கு திசை என்று டிரைவரில் (மேமுக்குள் அந்தந்த கேமுக்கென எழுதிய பகுதி) குறித்த கேம் என்றால், புதிதாக வந்த திசையை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே இருந்ததை ஒதுக்கும். புதியதை விட்டதும் பழையது திரும்பும்.

லீவர் ஆட்டக்காரருக்கு இதில் நஷ்டமே அதிகம். வலப்பக்கம் ஓடும்போது கை லேசாக மேலே சாய்ந்தால் போதும், ‘மேல்’தான் புதிய திசை என்று அதை எடுத்துக்கொள்ளும். மரியோ ஏணி அடியில் தயங்குவார், பீப்பாய் வந்துவிடும். கீபோர்டோ லீவர் இல்லாத பட்டன் பேனலோ வைத்திருப்பவருக்கு நிலைமை தலைகீழ். ஒரு விரலால் ‘வலது’ பட்டனைப் பிடித்தபடியே இன்னொரு விரலால் ‘மேல்’ தட்டி எடுக்கலாம்; எடுத்ததும் வலது தானாகத் திரும்பும். ஒரே தண்டுள்ள லீவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்த் திரும்பும் அந்தச் சில ஃப்ரேம்கள் இவருக்கு மிச்சம். கீபோர்டு ஸ்கோரையும் லீவர் ஸ்கோரையும் ஒரே பட்டியலில் போடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஸ்டிக்கை நான்கு திசையாக்குவது சிரமமில்லை. சான்வா ஜேஎல்எஃப் ஸ்டிக் வைத்திருப்பவர்கள் அடியில் இருக்கும் சதுர ரெஸ்ட்ரிக்டர் கேட்டை (லீவர் எதுவரை போகலாம் என்று தடுக்கும் தகடு) கழற்றி 45 டிகிரி திருப்பி மாட்டினால் வைர வடிவமாகிவிடும். முனைகள் நான்கும் நேர்திசைக்கு வரும், மூலைக்குப் போகும் வழி குறுகிவிடும். செய்மிட்சு எல்எஸ்-32-இலும் கேட்டை மாற்றிப் போடலாம். அடிக்கடி எட்டும் நான்குமாக மாற்றி ஆடுபவர்களுக்கு அல்டிமார்க்கின் சர்வோஸ்டிக் மோட்டார் வைத்துக் கேட்டைத் திருப்புகிறது. ஒரே ஒரு கேம் ஆடுபவருக்கு அது வீண் செலவு.

கேட்டை மாட்டியபின் பலர் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மேமின் மெனுவில் இன்புட் டிவைசஸ் பகுதியைத் திறந்து லீவரைக் கேட்டின் ஓரத்தை உரசியபடி மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்விட்ச்தான் எரிய வேண்டும், நடுவில் எதுவும் எரியாத சிறு இடைவெளியும் வர வேண்டும். எங்காவது இரண்டு சேர்ந்து எரிந்தால் கொக்கி ஒன்று முழுசாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

கேம்பேடின் அனலாக் ஸ்டிக்கில் ஆடுபவர்களுக்கு ஜாய்ஸ்டிக் மேப் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. 9க்கு 9 கட்டங்களில், எந்தக் கட்டத்தில் எந்தத் திசை என்பதை நம்பர் பேடின் எண்களால் எழுதுவது. ‘எஸ்’ என்று குறித்த கட்டத்தில் முந்தைய திசையே ஒட்டிக்கொண்டிருக்கும். இதை ஆட்டோவிலேயே விட்டுவிடுங்கள்.

எதிரெதிர்த் திசைகளை ஒன்றாக அழுத்துவது இன்னொரு பிரச்சினை. ஒரே லீவரால் இடதும் வலதும் சேர்ந்து வரவே முடியாது. சில கேம்களின் புரோகிராம் அப்படி ஓர் இன்புட்டை எதிர்பார்த்து எழுதப்படவில்லை, வந்தால் தாறுமாறாக நடக்கும். மேமில் காண்ட்ரடிக்டரி ஆப்ஷன் இயல்பாகவே ஆஃப், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் இரண்டும் கழிந்துவிடும். அதை ஆன் செய்த பதிவு பிளேபேக்கில் தெரிந்துவிடும். கண்டால் நிராகரிக்கலாம், விசாரணை தேவையில்லை.

ஆட்டோஃபயர்

இங்கேதான் மேமின் பலவீனம் வெளிப்படுகிறது. ஆட்டோஃபயர் (பட்டனைத் தானே தட்டிக்கொண்டிருப்பது), இன்புட் மேக்ரோ (எழுதிவைத்த வரிசையில் பட்டன்களை அழுத்துவது) என்று இரண்டு பிளகின்கள், அதாவது துணை நிரல்கள், மேமோடு சேர்ந்தே வருகின்றன. எத்தனை ஃப்ரேம் ஆன், எத்தனை ஃப்ரேம் ஆஃப் என்று குறித்தால் போதும். ஐஎன்பியில் பதிவது அவற்றைத் தாண்டி வந்த முடிவு மட்டுமே; பிளகின் ஓடியதா என்பதற்கு அதில் தனிக் குறி இல்லை. பேடிலேயே இருக்கும் டர்போ பட்டனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வேகத்தை வைத்துப் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். 60 ஹெர்ட்ஸ் கேமில் ஒரு ஃப்ரேம் ஆன், ஒரு ஃப்ரேம் ஆஃப் என்றால் நொடிக்கு 30 தட்டு. அது மனிதக் கையில்லை என்று யாரும் சொல்வார்கள். ஆனால் இரண்டு ஆன், இரண்டு ஆஃப் என்று வைத்தால் நொடிக்கு 15. ஹட்சன் நிறுவனத்தின் தகஹாஷி மெய்ஜின் நொடிக்கு 16 தட்டுக்குப் பேர்போனவர். 15 என்பது அதற்குள் அடங்கிவிடுகிறதே!

பார்க்க வேண்டியது ஒழுங்கை. பிளேபேக்கில் ஃபயர் பட்டனை மட்டும் எடுத்து, அழுத்திய ஃப்ரேம்களை எண்ணி எழுதுங்கள். விரல் என்றால் 3, 4, 3, 5, 2, 4 என்று அலையும், சில நிமிடத்தில் வேகம் தளரும், ஏவுகணை நெருங்கும்போது தட்டு நின்றுபோகும். பிளகின் என்றால் 2, 2, 2, 2 என்று நூல் பிடித்தாற்போல் போகும். பேடின் டர்போ இரண்டுக்கும் நடுவே ஒரு வேடிக்கை: அதன் கடிகாரம் கேமின் ஃப்ரேமோடு சேராததால் 2, 2, 2, 3, 2, 2, 2, 3 என்று ஒரு கோணல் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கோணலின் ஒழுங்கே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆட்டோஃபயர் எல்லா இடத்திலும் குற்றமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய ஆர்கேடுகளில் ஷூட்டிங் கேம் மெஷினிலேயே தொடர் ஃபயர் சர்க்யூட் மாட்டி வைப்பது வழக்கம், அந்தச் சமூகத்தில் பல கேம்களின் ஸ்கோர் அதோடுதான் கணக்கு. பேட்டில் கரெக்காவில் (1996) சுடச் சுடக் கேமின் கடினமும் ஏறும் என்பதால் கண்மூடித்தனமான ஆட்டோஃபயர் ஆடுபவரையே கவிழ்க்கும். கலாகாவிலோ ஒற்றைக் கப்பலுக்குத் திரையில் ஒரே நேரத்தில் இரண்டு குண்டுதான். தூரத்திலிருந்து சுட்டால் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் பலனில்லை, எதிரி மூக்கருகே வந்துவிட்டால் குண்டு உடனுக்குடன் விடுபட்டு ஆட்டோஃபயர் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே கேம்வாரியாக விதி எழுதுங்கள். ஒரே வரியில் எல்லாவற்றுக்கும் தடை போடுவது விவரமில்லாத வேலை.

டிராக் அண்ட் ஃபீல்டு (1983) தனி ரகம். ரன் பட்டனில் பென்சிலையும் இரும்பு ஸ்கேலையும் வைத்து அடித்த தலைமுறை அது. அடிபட்டுக் கெட்ட பட்டன்களுக்குப் பதிலாகச் சில மெஷின்களில் டிராக்பாலே மாட்டினார்கள். விதியில் ‘விரல் மட்டும்’ என்று எழுதினாலொழிய ஸ்கேலைத் தப்பென்று சொல்ல முடியாது.

டயல் கேம்கள்

குமிழைச் சுழற்றி ஆடும் அர்கனாய்ட், டெம்பெஸ்ட் போன்றவற்றுக்கு மெனுவில் அனலாக் பகுதி இருக்கிறது. அதிலுள்ள சென்சிட்டிவிட்டி எண் (குமிழைத் திருப்பினால் எவ்வளவு நகர வேண்டும் என்பது) ஐஎன்பிக்குள் பதிகிறது. அதனால் விதியில் ‘சென்சிட்டிவிட்டி இவ்வளவுதான்’ என்று ஓர் எண்ணை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த எண்ணுக்குத் தனியாக அர்த்தமே இல்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு பல்ஸ் (சுழற்சியை எண்ணும் மின் துடிப்பு) தரும் ஸ்பின்னரை, அதாவது சுழல் குமிழை, 50 சதவீதத்தில் வைத்தாலும், அதில் பாதி பல்ஸ் தருவதை 100-இல் வைத்தாலும் அர்கனாய்டின் துடுப்பு ஒரே தூரம்தான் நகரும்.

எண்ணுக்குப் பதில் தூரத்தைக் கேளுங்கள். குமிழில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கேமராவுக்கு முன் சரியாக ஒரு சுற்று சுற்றச் சொல்லுங்கள். அர்கனாய்டில் துடுப்பு எவ்வளவு தூரம் போகிறது, டெம்பெஸ்டில் எத்தனை பட்டை தாண்டுகிறது என்பதை அசல் மெஷினோடு ஒப்பிடலாம். சென்சிட்டிவிட்டியை 100-க்கு மேலே ஏற்றினால் துடுப்பு புள்ளிகளைத் தாண்டிக் குதிக்கும், நுணுக்கம் போய்விடும். டெம்பெஸ்டில் இன்னொரு வம்பு: டயலின் கவுண்டர் 4 பிட், 0 முதல் 15 வரைதான் எண்ணும். ஒரு தடவை படிப்பதற்கும் அடுத்த தடவைக்கும் இடையே அது பாதிக்கு மேல் ஓடிவிட்டால், கேம் அதை எதிர்த்திசை என்று எடுத்துக்கொள்ளும். வேகமாகச் சுழற்றும்போது பின்னோக்கி உதறினால் ஸ்பின்னரைப் பழிக்காமல் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள்.

டிஃபெண்டர் (1981) ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அசலில் லீவர் மேலும் கீழும் மட்டும்தான். திரும்புவதும் முன்னே பாய்வதும் தனித்தனிப் பட்டன். அந்தக் குழப்பத்தை விரலுக்குப் பழக்குவதுதான் அந்தக் கேம். இரண்டையும் எட்டுத் திசை ஸ்டிக்கில் ஏற்றிக்கொண்டு ஆடினால் சுகமாக இருக்கும், ஸ்கோர் செல்லாது. இன்னோர் எமுலேட்டர் மென்பொருளான ரெட்ரோஆர்ச்சின் ரன்-அஹெட் வசதிக்கும் இதே தீர்ப்பு. கேமின் உள்ளேயே இருக்கும் தாமதத்தை அது அசல் மெஷினைவிடக் கீழே இறக்குகிறது.

அனுப்பும் முன்

ஐஎன்பி எடுத்துச்செல்லாத ஒன்று என்விரேம் (மின்சாரம் போனாலும் அழியாத மெமரி). வில்லியம்ஸ் நிறுவனத்தின் கேம்கள் செட்டிங்கை டிப் ஸ்விட்சில் வைக்காமல் பேட்டரி மெமரியில் வைத்தன. ரோபோட்ரானின் ஃபேக்டரி அமைப்பு கடினம் 5, ஒவ்வொரு 25,000 புள்ளிக்கும் ஓர் உயிர். இதை மாற்றி ஆடியவரின் கோப்பு நடுவரின் கணினியில் முதல் அலையிலேயே விலகிவிடும். மாற்றாதவரின் கோப்பும்கூட, நடுவரிடம் பழைய என்விரேம் கிடந்தால் விலகும். எனவே அந்தக் கேமின் என்விரேம் கோப்பை அழித்து, கேமை ஒருமுறை ஓட்டி ஃபேக்டரி செட்டிங் ஏறியதும் மூடுங்கள். உருவான என்விரேமை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, அதன்பின் ரெக்கார்டிங்கைத் தொடங்குங்கள். ஆட்டம் முடிந்ததும் என்விரேம் மாறியிருக்கும் என்பதால் அனுப்ப வேண்டியது முன்பு எடுத்த நகலைத்தான். கூடவே ஐஎன்பி, பதிப்பு எண், கேட் சோதனையும் ஸ்பின்னர் சோதனையும் தெரியும் சிறு வீடியோ, ஆட்டம் முழுக்கக் கையைக் காட்டும் இன்னொரு வீடியோ. அனுப்புவதற்கு முன் அந்த நகலைத் திரும்பப் போட்டு, உங்கள் கணினியிலேயே ஒருமுறை பிளேபேக் ஓட்டிக் கடைசி ஸ்கோர் வருகிறதா என்று பாருங்கள்.