முழுப் பணம் தர்றதுக்கு முன்னாடி மம்முட்டி எடுத்துத் தோண்டிப் பாருங்க

பல்லடம் பக்கம் வீடு கட்டி, முன்னால 8 சென்ட் இடம் விட்டிருந்தோம். "கோல்ஃப் மைதானத்துக்கே புல் போட்டவனுங்க நான்" என்று ஒரு லேண்ட்ஸ்கேப் டிசைனர் வந்தார். சதுர அடி 85 ரூபாய். 3,485 சதுர அடிக்கு ஏறத்தாழ 3 லட்சம், அதில் 2 லட்சம் முன்பணம். எத்தனை லோடு மணல், எத்தனை லோடு செம்மண் என்று கொட்டேஷனில் ஒரு வரி இல்லை. நானும் கேட்கலை.

கோல்ஃப் கிரீன், அதாவது பந்து விழற குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை, மாதிரியே போடுறேன் என்றார். அது என்ன முறை என்று ஏமாந்த பிறகுதான் படித்தேன். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்டது. அடியில் வடிகால் குழாய், மேலே 10 செ.மீ. ஜல்லி, அதுக்கு மேல 30 செ.மீ. மணல் கலவை. எங்க வாசலில் தோண்டினால் ரெண்டு விரற்கடை செம்மண், கீழே பூராவும் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும். அந்த இடிபாட்டை வெளியே அள்ளிக் கொட்டறதுக்குன்னு என்கிட்டத் தனியாக் கூலி வாங்கியிருந்தார். வயிறு எரியுதுங்க.

புல்லுக்குப் பேர் பெர்முடா. அப்பா ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்துட்டு, "ஏஞ்சாமி, இது நம்ம அருகு. காட்டுல இதைப் புடுங்கியேதான் என் காலம் போச்சு" என்றார். அவர் சொன்னது சரி. பெர்முடாவும் அருகும் ஒரே இனம். கோல்ஃப் கிரீனில் போடுவது அதை இன்னொரு புல்லினத்தோடு கலப்பினம் செய்து எடுத்த, இலை மெலிந்த ரகம். அந்த ரகத்துக்கு விலை வாங்கிட்டு, வரப்புப் புல்லைக் கோரையோடு சேர்த்து நட்டிருக்கார். கோரையை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே நின்னுடும், மறுபடி முளைக்கும்.

அருகுக்கு நல்ல வெயில் வேணும். வேப்பமரத்து நிழலில் போட்டதெல்லாம் ரெண்டு மாசத்தில் போச்சு. போர்ல தண்ணி எவ்வளவு வரும்னு அவர் ஒரு வார்த்தை கேட்கலை. கோடையில் தினம் 5 மி.மீ. பாய்ச்சணும்னா இந்த இடத்துக்கு 1,600 லிட்டர் ஆகும். 6,000 லிட்டர் லாரித் தண்ணி நாலு நாளுக்கு வராது. ஐப்பசி மழையில் தண்ணியெல்லாம் வீட்டுப் பக்கமே வாட்டமாகி, திண்ணையோரம் நின்னுது. போன் பண்ணினால் "நாளைக்கு ஆள் அனுப்பறேனுங்" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை.

இப்போ காங்கேயம் பக்கம் வேலை பிடிக்கிறதாகக் கேள்வி. யாராவது பேசியிருந்தால், அடுத்த தவணைக்கு முன்னால நாலு இடத்தில் ஒரு அடி ஆழம் தோண்டிப் பாருங்க. லோடு கணக்கை எழுதி வாங்குங்க. புல் வளர்த்த நர்சரிக்கு நேரிலேயே போங்க.

நாங்க ஒரு ஓரத்திலிருந்து கொத்திக்கிட்டு வர்றோம். நேத்து வரைக்கும் செங்கல் துண்டு மட்டும் ஒரு டிராக்டர் வந்திருக்கு.