டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்புக்கு எந்த 6வி6 போடலாம்?

என்னுடைய 1965 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்பில் பவர் வால்வுகள் (ஒலியைக் கடைசியாகப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் இரண்டு 6வி6 கண்ணாடிக் குழாய்கள்) தேய்ந்துவிட்டன. பேஸ் குழைந்துபோய், நடுநடுவே சரசரவென்று இரைச்சல் வேறு. மாற்றுவதற்கு மூன்று வழிகள் கண்ணில் பட்டன: அமெரிக்க நிறுவனமான ஆர்சிஏ முன்பு தயாரித்த பழைய ஸ்டாக் 6வி6ஜிடி, ஸ்லோவாக்கியாவில் தயாராகும் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவில் தயாராகும் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ். ஜேஜே ஜோடியை வாங்கிப் போட்டேன். அடுத்த முறையும் அதுதான்.

ஒலி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆர்சிஏதான் இனிமை. நண்பர் ஒருவரின் ஜோடியை இரவல் வாங்கிப் போட்டுக் கேட்டேன். வால்யூமை ஏற்ற ஏற்ற அதன் ஒலி உடைந்து கரகரக்கும் விதமே தனி. ஜேஜேயின் ஒலி கொஞ்சம் கனமானது, உடைவதற்கும் நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் டிரம்ஸும் பேஸும் சேர்ந்துவிட்டால் இந்த வித்தியாசம் என் காதுக்கே எட்டவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. பவர் வால்வு வாங்கிப் போட்டு மறந்துவிடும் பொருள் இல்லை. அதிலும் இந்த ஆம்ப் 6வி6-ஐப் படாதபாடு படுத்தும். பழைய தரவுத்தாள்கள் வால்வின் பிளேட்டுக்கு (உள்ளே இருக்கும் நேர்மின் தகட்டுக்கு) 350 வோல்ட்டுக்கு மேல் போகாதே என்கின்றன. ஃபெண்டரின் சர்க்யூட் படத்திலோ சுமார் 415 இருக்கிறது. அன்றைக்கு அமெரிக்க வீட்டு மின்சாரம் 117 வோல்ட் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. இப்போது 120-ஐத் தாண்டியே வருவதால் ஆம்புக்குள்ளும் அந்த அளவுக்கு ஏறும்.

பழைய ஆர்சிஏ இதைத் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிறுவனம் 1976-இல் இந்த வகை வால்வுத் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இன்று விற்பனைக்கு வருவதில் எது பெட்டி பிரிக்காதது, எது பாதி ஆயுளை எங்கோ எரித்துவிட்டு வந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. டெஸ்டரில் நன்றாகக் காட்டியதுகூட 400 வோல்ட்டில் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

அப்புறம் பயாஸ், அதாவது வாசிக்காதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. ஜோடியை மாற்றும்போதெல்லாம் அதைச் சரிபார்க்க வேண்டும். பிளேட் தாங்கும் 14 வாட்டில் 70 சதவீதம் என்பது பலரும் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளும் கணக்கு. அதாவது 9.8 வாட், 420 வோல்ட்டால் வகுத்தால் ஒரு வால்வுக்கு 23 மில்லிஆம்ப். இரண்டுக்கும் சேர்த்து ஒரே திருகுதான் இருப்பதால், மேட்ச் செய்த (ஒரே அளவு மின்னோட்டம் இழுக்கும்) ஜோடியாக இல்லாவிட்டால் ஒன்று சரியாக வரும்போது மற்றது விலகி நிற்கும். ஆர்சிஏ ஒன்று போய்விட்டால், மிஞ்சியதற்குத் துணை தேடி அலைய வேண்டும். ஜேஜே என்றால் மேட்ச் செய்த புது ஜோடியே சுலபமாகக் கிடைக்கும், பயாஸும் பெரும்பாலும் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் வைத்திருக்கும். பழக்கமில்லை என்றால் டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.)

எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நல்ல வால்வு என்றே பலரும் சொல்கிறார்கள். அதைப் போட்டு நான் அதிகம் கிட்டார் வாசித்ததில்லை, அதனால் ஒலி பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதித் தடை பற்றிய செய்தி வந்ததும் கடைகளில் வால்வுகளுக்கு அடிதடியானது நினைவில் இருக்கிறது. வரத்து மீண்டும் தொடங்கியது, ஆனால் அந்தப் பயம் எனக்கு விடவில்லை.

இது வாக்ஸ் ஏசி30 என்ற வேறு ஆம்பாக இருந்தால் கதையே வேறு. அதற்கு வேண்டியது நான்கு இஎல்84 பவர் வால்வுகள். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தயாரித்த பழைய ஸ்டாக்கையும் தேடிப் பார்த்திருப்பேன்.

ஜேஜே எத்தனை வருடம் உழைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. வார இறுதியில் வாசிக்கிறவன் நான். தினமும் மேடை ஏறுகிறவருக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

மற்ற வால்வுகளில் பெரும்பாலானவற்றை நான் தொடவில்லை. ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் இன்னும் நன்றாக இருக்கிறது. கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் 12ஏஎக்ஸ்7-களும் அப்படியே. அவை நிதானமாகத் தேய்பவை, பயாஸ் தொல்லையும் கிடையாது. பழைய ஸ்டாக்குக்குப் பணம் போடுவதாக இருந்தால் அங்கே போடலாம். ரிவெர்ப் டிரைவர் (எதிரொலி ஸ்பிரிங்கை இயக்கும் வால்வு) இடத்து 12ஏடி7-க்கு மட்டும் வேண்டாம். அந்த இடம் வால்வைப் பிழிந்து எடுக்கும், மலிவானதே போதும்.