ராபன் தீவு: மண்டேலாவைத் தேடிப் போய் சோபுக்வே வீட்டில் நின்றுவிட்டது மனசு

கேப் டவுன் போகிறவர்கள், மண்டேலா சிறையிருந்த ராபன் தீவுக்கு ஒரு நாளை முழுசாக ஒதுக்கிவிடுங்கள். எங்களுக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட், இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அதே மத்தியானத்துக்கு டேபிள் மவுண்டன் கேபிள் காரையும் சேர்த்துவிட்டார், அந்தக் காசு போனதுதான் மிச்சம். கேப் டவுன் துறைமுகப் பகுதியான வாட்டர்ஃபிரண்டில் படகு ஏறி, தீவில் பேருந்தில் சுற்றி, சிறைக்குள் நடந்து, கரைக்குத் திரும்ப எப்படியும் நாலு மணி நேரம் ஆகிவிடும். காற்று பலமாக அடித்தால் படகே கிடையாது, அதனால் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

சிறையைச் சுற்றிக்காட்டியவர் அங்கேயே அரசியல் கைதியாக இருந்த ஒரு பெரியவர். இதற்காகவே எவ்வளவு கொடுத்தாலும் தகும். அன்றைய வெள்ளையர் ஆட்சி இனம் பார்த்துப் போட்ட சாப்பாட்டு அட்டவணையை வரிவரியாக விரல் வைத்துக் காட்டினார். ஆசியர், கலப்பினத்தவர் என்றால் இறைச்சி 6 அவுன்ஸ், கறுப்பினத்தவருக்கு 5. அவர்களுக்கு ஜாம் 1 அவுன்ஸ், இவர்களுக்கு அதுவும் இல்லை. உடுப்பிலும் அப்படித்தான்: 1964-ல் மண்டேலாவோடு வந்த அகமது கத்ராடா இந்திய வம்சாவளி என்பதால் அவருக்கு முழுக்கால் சட்டை, அவரைவிட 11 வயது மூத்த மண்டேலாவுக்கு அரை டிராயர். காந்தியோடு போராடிய தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு 10 வருஷம் கிடந்ததும் இதே சிறையில்தான். அந்த 'ஆசியர்' கட்டத்தில் என்னைப் போன்றவர்களும் வருவோம் என்று தோன்றியபோது கண்ணை எடுக்கவே முடியவில்லை.

மண்டேலாவின் அறைக்கு முன்னால்தான் நெரிசல். பாய், கம்பளி, சின்ன மேசை, ஒரு வாளி. மூன்று எட்டு வைத்தால் சுவர். 27 வருஷச் சிறைவாசத்தில் 18 வருஷம் இந்தத் தீவில். சுண்ணாம்புக் குவாரியில் வெயில் பட்டால் நமக்கே கண் கூசுகிறது, அந்த வெளிச்சத்தில் வருஷக்கணக்காகக் கல் உடைத்ததில் அவர் கண் கெட்டே போனது.

ஆனால் நான் சொல்ல வந்தது ராபர்ட் சோபுக்வேயைப் பற்றி. கறுப்பினத்தவர் எங்கே போனாலும் பாஸ் என்கிற அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, 1960 மார்ச் 21-ல் பாஸ் இல்லாமல் போலீஸ் நிலையத்துக்கு நடந்தே போய்க் கைதானவர். இதே போராட்டத்துக்காக ஷார்ப்வில் ஊரில் கூடியவர்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் செத்ததும் அன்றுதான். 3 வருஷத் தண்டனை முடிகிற நேரத்தில், அவரை வெளியே விடக்கூடாது என்பதற்காகவே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, வருஷா வருஷம் அதைப் புதுப்பித்து, 1969 வரை தீவில் தனி வீட்டில் வைத்திருந்தது. மற்ற கைதிகளோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவர்கள் அந்தப் பக்கம் போகும்போது ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் வழியவிடுவாராம், நாமெல்லாம் இந்த மண்ணின் பிள்ளைகள் என்று அர்த்தம்.

அந்த வீட்டின் முன்னால் பேருந்து சில நிமிடம்தான் நிற்கும். அவரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், அப்புறம் சன்னலோரமாகப் பார்த்து உட்காருங்கள்.