மகளுக்கு வாங்கிய மின்னணுப் பயிற்சிப் பெட்டி: ஒரு மதிப்பீடு

எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக, காரைக்குடிக் கடை ஒன்றில் ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையுடன் கூடிய பயிற்சிப் பெட்டியை ஏறக்குறைய 2,000 ரூபாய்க்கு வாங்கினோம். எல்.இ.டி. விளக்குகள், மின்தடைகள், பற்றவைக்காமலே சுற்றமைக்க உதவும் பிரெட்போர்டு, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் டி.எச்.டி.11 உணரி ஆகியவை அதில் உள்ளன. கடைக்காரர் "தம்பிக்கா?" என்றுதான் கேட்டார், அட்டைப்படத்திலும் பையன்தான் இருந்தான்.

தரம் விலைக்கு ஏற்றது. கம்பிகள் சில தளர்ந்திருந்தன. பலகை நகல் தயாரிப்பு என்பதால், யு.எஸ்.பி. வழியே அதைக் கணினியுடன் இணைக்கும் சி.எச்.340 சில்லுக்குரிய டிரைவர் மென்பொருளை நிறுவும் வரை கணினி அதை அடையாளம் காணவில்லை. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது தமிழ்வழி மாணவியருக்குப் பெருங்குறை.

விளக்கை மினுக்கும் பயிற்சிகள் விரைவில் சலித்துவிட்டன. கனத்த சுவரும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கின்றன என்று அப்பத்தா சொல்வது எவ்வளவு உண்மை என்று மகள் கேட்ட பிறகே பெட்டிக்கு உயிர் வந்தது. வீட்டின் முகப்பு, நடுமுற்றமான வளவு, அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டு, மொட்டைமாடி என ஒவ்வோரிடத்திலும் அளந்தாள். இந்த உணரி 2 டிகிரி வரை பிழை காட்டக்கூடியது என்பதால், எல்லா இடங்களுக்கும் ஒரே உணரியையே கொண்டுபோனாள். மாடியில் நேர்வெயில் பட்டால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது என்று கண்டு நிழலில் வைத்தாள். ஒரு டிகிரி வேறுபாட்டை வேறுபாடாகவே கொள்ள முடியாது என்று அவளே குறிப்பேட்டில் எழுதினாள். கையேடு கற்பிக்காத பாடம் இது.

பெற்றோர் செய்ய வேண்டியது பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான். நிரல் ஓடாதபோது நாமே திருத்திக் கொடுப்பதும், திருப்புளியை அண்ணனிடம் நீட்டுவதும், "கம்பியைத் தொடாதே" என்று அதட்டுவதும் ஆர்வத்தைக் கெடுக்கும். யு.எஸ்.பி. வழியாக வரும் மின்னழுத்தம் 5 வோல்ட்தான். 230 வோல்ட் சுவர்ச்செருகிக்கு உரிய அச்சம் இதற்குத் தேவையில்லை. தமிழ்வழியில் படித்த அறிவியலாளர் கலைச்செல்வி இதே ஊரிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்து, 2022இல் நாடெங்கும் ஆய்வகங்களை நடத்தும் அரசு ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனத்தின் முதல் பெண் தலைமை இயக்குநரானவர் என்பதையும் சொல்லி வைக்கலாம். ஆனால் அதை அறிவுரையாக்கினால் எந்தப் பிள்ளையும் காது கொடுக்காது.

ஆறாம் வகுப்புக்குக் கீழுள்ளவர்களுக்கு இப்பெட்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்கள் வாங்கும்போது கூடுதல் இணைப்புக் கம்பிகளையும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் உணரியையும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.