கிரஸ்ட் 1.0, லித்தோ 1.0: பாறைக்கோள எண்களை எது வரை நம்பலாம்?

உலகில் எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கே மேலோடு எவ்வளவு தடிமன், பாறை அடர்த்தி எவ்வளவு, நில அதிர்வு அலை அதற்குள் என்ன வேகத்தில் போகும் என்று எண்ணாகவே எடுத்துக் கொடுக்கும் இலவச டேட்டா தொகுப்பு கிரஸ்ட் 1.0. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த காபி லாஸ்கே குழுவினர் 2013-ல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே மைக்கேல் பாசியானோஸ் தலைமையில் லித்தோ 1.0 வந்தது. இது மேலோட்டோடு நிற்காமல் பாறைக்கோளத்தின் (மேலோடும், அதன் கீழுள்ள கவசத்தின் விறைப்பான மேற்பகுதியும் சேர்ந்தது) அடிவரை, அதற்கும் கீழே மென்கோளம் எனும் இளகிய பகுதி வரை இறங்குகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மேலோட்டின் தடிமனுக்கு இவை நல்ல தொடக்கம். அடர்த்திக்குப் பரவாயில்லை. ஆனால் இவற்றிலிருந்து, பாறை உருமாறுவதை எவ்வளவு எதிர்க்கும் என்று சொல்லும் மீள் குணகங்களைக் கணக்கிட்டு, அதை அளந்து கண்ட மதிப்பு போலக் காட்டுவது தவறு. அந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

இவற்றுக்கு முன்பு பலரும் கையில் எடுத்தது 1981-ன் ப்ரெம் (PREM) என்ற புவி மாதிரி. அதில் பூமி முழுவதுக்கும் ஒரே மேலோடுதான், மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் மோஹோ எல்லை 24.4 கிமீ ஆழத்தில். பெருங்கடலின் மேலோடு 7 கிமீ அளவு, கண்டங்களில் 35 முதல் 40, திபெத்தில் ஏறக்குறைய 70 என்று இருக்கும்போது, 24.4 என்பது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாத சராசரி. பூமியின் மையம் வரை போகும் அலைக்கு அது போதும். மேலோட்டை ஆராய்பவருக்குப் போதாது.

கிரஸ்ட் 1.0 பூமியை 1 டிகிரிக்கு 1 டிகிரி கட்டங்களாக, மொத்தம் 64,800 ஆகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எட்டு அடுக்குகள்: நீர், பனி, மூன்று படிவு அடுக்குகள், மேல், நடு, கீழ் என மூன்று படிகப் பாறை அடுக்குகள். ஒன்பதாவது எண் மோஹோவுக்குச் சற்றுக் கீழே உள்ள கவசத்தின் மதிப்பு. பி அலை (அழுத்த அலை) வேகம், எஸ் அலை (குறுக்கு அலை) வேகம், அடர்த்தி, அடுக்கு எல்லைகள் என்று நான்கு ஃபைல்கள்.

இவற்றில் தலைப்பு வரியும் இல்லை, அட்ச தீர்க்கமும் இல்லை. வரியின் இடம்தான் முகவரி. முதல் வரி வடக்கு 89.5, மேற்கு 179.5. அங்கிருந்து கிழக்கே ஒரு சுற்று முடித்த பிறகே அடுத்த அட்சத்துக்கு இறங்கும். எனவே வரி எண் = (89.5 − அட்சம்) × 360 + (தீர்க்கம் + 179.5) + 1. இங்கே அட்சம், தீர்க்கம் என்பவை கட்டத்தின் நடுப்புள்ளிக்கு உரியவை. தெற்கும் மேற்கும் மைனஸ். 45.5 வடக்கு, 10.5 கிழக்கு என்றால் வரி 16,031. எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் தொடங்கும் நிரல் மொழியில் கடைசி +1 வேண்டாம். தீர்க்கத்தை 0 முதல் 360 வரை வைத்திருப்பவர்கள் மாற்ற மறந்தால் உலகத்தின் இரண்டு பாதியும் இடம் மாறிவிடும். மோஹோ ஆழத்தை ஒருமுறை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். கண்டங்களின் உருவம் சரியான இடத்தில் தெரியாவிட்டால் மேலே போக வேண்டாம்.

எல்லை ஃபைலில் எண்கள் கடல் மட்டத்திலிருந்து கிலோமீட்டரில். கீழே போகப் போக மைனஸ். ஓர் அடுக்கின் தடிமன் வேண்டுமென்றால் அதன் மேல் எல்லையிலிருந்து அடுத்த எல்லையைக் கழியுங்கள். மோஹோ ஆழமும் மேலோட்டுத் தடிமனும் ஒன்றல்ல. 5 கிமீ உயரப் பீடபூமியில் மோஹோ 65 கிமீ ஆழத்தில் இருந்தால் மேலோடு 70 கிமீ. 4 கிமீ ஆழக் கடலில் மோஹோ 11-ல் இருந்தால் மேலோடு 7 தான். சராசரி அடர்த்தி எடுக்கும்போது தடிமன் பூஜ்யமாக உள்ள அடுக்குகளை முதலில் தள்ளிவிட்டு, மீதியைத் தடிமனால் பெருக்கிக் கூட்டி மொத்தத் தடிமனால் வகுக்க வேண்டும். ஒன்பது எண்களையும் அப்படியே கூட்டி ஒன்பதால் வகுத்தவர்களின் மேலோடு விசித்திரமான அடர்த்தியில் வந்து நிற்கும். உலகச் சராசரிக்கு அட்சத்தின் கோசைனும் தேவை. 60 டிகிரியில் ஒரு கட்டத்தின் பரப்பு நிலநடுக்கோட்டில் உள்ளதில் பாதிதான்.

இதெல்லாம் கவனமாக இருந்தால் தீர்ந்துவிடும். தீராத குறை வேறு. நில அதிர்வு ஆய்வு நடக்காத இடங்களில், அதே வகை மேலோட்டுக்கு மற்ற இடங்களில் கிடைத்த சராசரியை வைத்து நிரப்பியிருக்கிறார்கள். வேறு வழியும் இல்லை. ஆனால் எந்த எண் அளந்தது, எந்த எண் நிரப்பியது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி தசமப் புள்ளிகள். தவிர, படிகப் பாறைகளில் எஸ் அலை வேகமும் அடர்த்தியும் பி அலை வேகத்திலிருந்து அனுபவச் சூத்திரங்களால் வருவித்தவை.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். அடர்த்தி 2.7 கிராம்/கன செமீ, பி அலை 6.0, எஸ் அலை 3.5 கிமீ/நொடி என்று வைத்துக்கொள்வோம். இந்த அலகுகளில் ஒரு வசதி: அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் விடை நேரடியாக ஜிகாபாஸ்கலில் வரும். விறைப்புக் குணகம் (வடிவம் மாறுவதை எதிர்ப்பது) 2.7 × 12.25 = 33. பருமக் குணகம் (பருமன் சுருங்குவதை எதிர்ப்பது) 2.7 × (36 − 16.33) = 53; 16.33 என்பது 12.25-ன் 4/3 மடங்கு. பாய்சான் விகிதம் (ஒரு திசையில் அழுத்தினால் பக்கவாட்டில் எவ்வளவு புடைக்கும் என்பது) 0.24. எல்லாம் கிரானைட்டுக்கு நம்பத் தகுந்த எண்கள்தான். ஆனால் பாய்சான் விகிதம் வேகங்களின் விகிதத்தை மட்டுமே சார்ந்தது. அந்த விகிதத்தையோ சூத்திரம் முன்பே முடிவு செய்துவிட்டது. கிரஸ்ட் 1.0-லிருந்து உலகப் பாய்சான் விகித வரைபடம் போட்டால் திரும்பக் கிடைப்பது அந்தச் சூத்திரமே. பாறையைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவராது.

அடர்த்தியில் சின்ன பிசகு கூடப் பெரிதாகும் இடம் மலை வேர்க் கணக்கு. 3 கிமீ உயர மலைக்கு, மேலோடு 2.80, கவசம் 3.30 என்றால் ஏரி (Airy) முறைப்படி, அதாவது கவசத்துக்குள் இறங்கிய இலகுவான வேரே மலையைத் தாங்குகிறது என்று கொண்டால், வேர் 16.8 கிமீ. மேலோட்டை 2.85 ஆக்குங்கள், 19 கிமீ ஆகிவிடும். வகுக்கும் எண் இரண்டு அடர்த்திகளின் வித்தியாசம், அது சிறியது என்பதே காரணம். 0.05 பிசகு இந்தத் தொகுப்பில் ஆச்சரியமே இல்லை. ஆகவே விடையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வீச்சாகச் சொல்வதே நேர்மை.

லித்தோ 1.0 கட்டங்களுக்குப் பதில் முக்கோண வலையைப் பயன்படுத்துகிறது, 40,962 புள்ளிகள். துருவத்துக்கு அருகே கட்டங்கள் குறுகும் தொல்லை இதில் இல்லை. கூடவே வரும் நிரலிடம் அட்சம், தீர்க்கம் கொடுத்தால் அந்த இடத்தின் அடுக்குகளைப் பெயரோடு பட்டியலிடும். வரி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அலை எவ்வளவு தேய்கிறது என்ற மதிப்பும் உண்டு. அலகுகள் மட்டும் வேறு: மீட்டர், கிலோகிராம்/கன மீட்டர், மீட்டர்/நொடி. இரண்டு தொகுப்பையும் ஒரே நிரலில் கலப்பவர்கள் ஆயிரம் மடங்குப் பிழையை இங்கேதான் வாங்குகிறார்கள்.

அது சொல்லும் பாறைக்கோளத் தடிமன் மேற்பரப்பு அலைகளின் வேகத்திலிருந்து வந்தது. மோஹோ போல வேகம் சட்டென்று மாறும் எல்லை அல்ல அது. பல இடங்களில் வேகம் படிப்படியாகவே குறைகிறது. அதனால் அந்த ஆழத்தைப் பத்துக் கிலோமீட்டருக்குக் குறைவான துல்லியத்தில் படிக்க வேண்டாம். சுமையைத் தாங்கி வளையும் மீள் தடிமனும் இதுவும் வேறு வேறு. பழைய கடல் தளத்தில் அதிர்வு அலைகள் காட்டும் தடிமன் 100 கிமீ அளவில் இருக்கும், மீள் தடிமனோ 30 கிமீ அளவே. வளைவு விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. யங் குணகம் (இழுப்பை எதிர்க்கும் விறைப்பு) 100 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.25 என்றால் 30 கிமீக்கு 2.4 × 10²³ நியூட்டன் மீட்டர். அந்த இடத்தில் லித்தோ தரும் 100-ஐப் போட்டால் 37 மடங்கு கூடிவிடும், எரிமலைத் தீவு ஒன்றின் எடையில் கடல் தளம் அசையவே அசையாது. மீள் தடிமனை ஈர்ப்பு விசை, நில உயரத் தரவுகளிலிருந்து தனியாகத்தான் எடுக்க வேண்டும்.